சக்கைக்கு மட்டும் டிக்கெட்

முதல் நாள் புறப்பட்டவர்கள்: நான், என் மகள் ஷைனி, பள்ளிக்கூட அடுக்களையில் என்னோடு சோறு வடிக்கும் சரோஜினி அக்கா, அக்காவின் மடியில் ஒரு வரிக்கைச் சக்கை. பலாப்பழத்தை எங்கள் பாறசாலைப் பக்கத்தில் சக்கை என்றுதான் சொல்வோம். அதையும் சேர்த்தால் நாலு பேர். சேர்க்கத்தான் வேண்டும். அன்று கண்டக்டர் காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்தது அந்த நாலாவது ஆளுக்கு மட்டும்தான்.

எதற்காகப் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஷைனி பிளஸ் டூ முடித்துவிட்டு, கண் பரிசோதிக்கிற படிப்புப் படிக்க வேண்டும் என்றாள். திருவனந்தபுரத்தில் இடம் கிடைக்கவில்லை. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் கிடைக்கும், பீஸும் எங்களால் தாங்கக்கூடியது. ஆனால் தினமும் போய்வர வேண்டும். கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு. எல்லையில் ஒரு பஸ், மார்த்தாண்டத்தில் இன்னொரு பஸ். இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை தப்பான பஸ்ஸில் ஏறினால்? மழையில் பஸ் வராவிட்டால்? மூத்திரம் முட்டினால் எங்கே போவாள்?

என் வீட்டுக்காரர் சாமான் ஏற்றும் பெட்டி ஆட்டோ ஓட்டுகிறவர். மூன்று நாள் நான் புலம்புவதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உனக்க மனசு ஒத்துக்காம அவள அனுப்பினா, தெனமும் நாலு மணி முதல் நீ ரோட்டில வந்து நிப்ப. அது எனக்குத் தெரியும். மே கடைசி வர டைம் உண்டு. பள்ளிக்கூடம் அடச்சாச்சில்லா, நீயே போய்ப் பாரு. நீ செரிண்ணு சொன்னா சேப்போம். இல்லேண்ணா வேண்டாம்."

இப்படித்தான் ஒரு பெண்ணின் படிப்பு என் கையில் வந்து விழுந்தது. எட்டாம் வகுப்போடு நின்றுபோன என் கையில்.

சரோஜினி அக்கா கூட வந்தது, நாகர்கோவிலில் இருக்கும் தங்கைக்குச் சக்கை கொடுக்க. முதல் சண்டை எந்த பஸ்ஸில் போவது என்பதில் தொடங்கியது. தமிழ்நாட்டில், முன்னால் ரோஸ் நிறம் பூசிய டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. ஆனால் அது அவர்கள் ஊர்ப் பெண்களுக்கு அல்லவா? நாங்கள் ஓட்டுப் போடுவது கேரளத்தில். பிடித்து இறக்கிவிட்டால் களியக்காவிளை முழுக்கத் தெரிந்துபோகும். காசு கொடுக்கிற பஸ்ஸிலேயே போவோம் என்றேன்.

"சும்மா கொண்டுபோறேண்ணு சொல்லுகவனப் பாத்து வேண்டாம்ணு சொல்லுகது அகங்காரமாக்கும் ராணி," என்றாள் அக்கா.

வேறு வழியில்லாமல் நான் சட்டம் போட்டேன். ஆதார் கார்டு யாரும் எடுத்து வரக் கூடாது. வீடு எங்கே என்று கேட்டால், களியக்காவிளைச் சந்தைக்குப் பின்னால். ஷைனி வாயே திறக்கக் கூடாது. அவள் படித்தது மலையாளத்தில். தமிழ் வீட்டிலும் சர்ச்சிலும் கேட்டதுதான். இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவது வார்த்தையில் மலையாள ராகம் வந்துவிடும்.

"அம்மா, நாம பஸ்ஸில கேறவா போறோம், கள்ளக்கடத்தா?" என்றாள் அவள்.

எல்லையை நடந்தே தாண்டி, ரோஸ் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். கண்ணாடி போட்ட ஒரு சின்ன வயதுக் கண்டக்டர் வந்தார். "எங்க?" என்றார்.

"களியக்காவிளைச் சந்தைக்குப் பின்னால," என்றேன்.

"அது ஏறின எடம் எக்கா. எறங்குக எடம் எங்க?"

அவர் சக்கையைப் பார்த்தார். பிறகு எங்கள் மூவரையும் பார்த்தார். "பாறசாலையா, கொல்லயிலா?"

கொல்லயில் எங்கள் பக்கத்து ஊர். நான் ஷைனியின் கையைப் பிடித்தேன். சரோஜினி அக்கா கொஞ்சமும் அசையாமல், "கொல்லயில்தான். உனக்கு எப்பிடி மக்கா தெரிஞ்சு?" என்றாள்.

"இந்த வெயிலுக்கு இம்புட்டு பெரிய சக்கைய மடியில வச்சிட்டு வாறது அங்க உள்ளவங்கதான். தெனமும் பாக்கேனே."

"அப்போ எங்கள எறக்கி விடுவியளா?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"எதுக்கு எறக்கணும்? பொம்பளைங்க எந்த ஊருண்ணு யாரு கேக்கா? காசியில இருந்து வந்தாலும் ஓசிதான். சக்கைக்கு மட்டும் லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும். பத்து ரூவா."

"இதும் பெண்ணாக்கும்," என்றாள் அக்கா. "ஆண் சக்கை எங்க காய்க்கும், சொல்லு."

"அப்போ அதுக்க ஆதார எடுங்க," என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. ஷைனி மார்த்தாண்டம் வரை சிரித்தாள். நான் பத்து ரூபாயை எடுத்து நீட்டியபோதுதான், மூன்று இரவுகளாகப் பயந்தது இந்த ஒரு நிமிஷத்துக்கு என்று தெரிந்தது. ஆனால் பயம் தீர்ந்ததா என்றால் இல்லை. ஒரு பயம் போனால் அந்த நாற்காலியில் அடுத்தது வந்து உட்காரும். அதுதான் என் சுபாவம்.

நாகர்கோவிலில் இறங்கியதும் காற்று என் குடையைத் தாமரைப் பூ மாதிரி மேலே விரித்துவிட்டது. எங்கள் பக்கத்துக் காற்று தென்னை ஓலையை அசைத்துவிட்டுப் போகும். அங்குள்ள காற்று மலை இடுக்கிலிருந்து ஓடி வந்து ஆளையே தள்ளும். ஒரு கையில் குடைக் கம்பியும் மறு கையில் மகளுமாக நான் கல்லூரிக்குப் போனேன். பஸ் நிறுத்தத்திலிருந்து வாசலுக்கு எத்தனை அடி, வழியில் எத்தனை கடை, எந்தக் கடையில் பெண்கள் இருக்கிறார்கள், கக்கூஸ் எங்கே என்று எல்லாம் பார்த்தேன். வாட்ச்மேனிடம் நான் கேட்ட கேள்விகளுக்கு, அவர் கடைசியில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காந்து கேளுங்கம்மா," என்றார்.

மத்தியானம் சாப்பாட்டுக் கடை. நாங்கள் இருவரும் தினமும் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர்கள். எங்களுக்குச் சோறு போடுவது சுலபமில்லை. வெள்ளை வெளேரென்று சின்னச் சின்ன அரிசி. எங்கள் சிவப்புச் சம்பா அரிசி ஒவ்வொன்றும் ஒரு சுண்டு விரல் தடிப்பு இருக்கும். "இது சோறா, உப்புமாவா?" என்று அக்கா என் காதில் சொன்னாள். தண்ணீர் டம்ளரைத் தொட்டவள் கையை எடுத்துவிட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது. எங்கள் ஊர்க் கடைகளில் சுக்கு போட்டுக் காய்ச்சிய வெந்நீர்தான் வைப்பார்கள்.

"சூடு வெள்ளம் கிட்டுமா தம்பி?"

பரிமாறுகிறவர் அக்காவின் முகத்தைக் கவலையோடு பார்த்தார். "காய்ச்சலா அம்மா?"

ஆனால் சின்ன வெங்காயத்தில் தேங்காய் வறுத்தரைத்து வைக்கிற உள்ளித்தீயல் வந்தபோது இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினோம். தேங்காயைக் கருகலுக்கு ஒரு நூல் இந்தப் பக்கம் நிறுத்தி வறுத்திருந்தார்கள். எங்கள் வீட்டிலும் தீயல் உண்டு, நன்றாகவே வைப்போம். ஆனால் அந்த ஒரு நூல் எங்களுக்குப் பிடிபட்டதில்லை. அக்கா மூன்று தடவை வாங்கினாள். வரும்போது, "ராணி, அடுத்த வாரம் ஒரு தடவ கூட வந்து பாத்தாத்தான் கல்லூரி நல்லதாண்ணு சொல்ல முடியும்," என்றாள்.

இப்படியாக அந்தக் கோடையில் ஏழு தடவை போனோம்.

இரண்டாவது தடவைதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. ஷைனிக்குத் தமிழ் வாசிக்க வராது. பேசுவாள், பாட்டுப் பாடுவாள், ஆனால் போர்டு பார்த்தால் விழிப்பாள். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டு வரை படித்தவள், வேதப்புத்தகம் தினமும் வாசிக்கிறவள். எனவே பஸ் போர்டு, கடைப் பெயர், சுவரொட்டி, மரண அறிவிப்பு என்று எல்லாவற்றையும் அவளுக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. பிளஸ் டூ படித்த பெண்ணுக்கு எட்டாம் கிளாஸ்காரி பாடம் எடுத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்தச் சந்தோஷத்துக்காகவே நான் வேண்டாத போர்டுகளையும் வாசித்தேன்.

"அம்மா, மூல நோய் விளம்பரத்த எதுக்கு இம்புட்டு சத்தமா வாசிக்கிய?" என்றாள் ஒரு நாள். பக்கத்து சீட்டில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

தினமும் ஒரு எழுத்து என்று வைத்துக்கொண்டோம். 'ழ' அவளுக்குப் பிடித்துவிட்டது. எந்த பஸ்ஸிலும் முதலில் 'ழ' இருக்கிறதா என்று தேடுவாள்.

மூன்றாவது தடவை சரோஜினி அக்கா தீயல் கடையின் அடுக்களைக்குள்ளேயே போய்விட்டாள். நான் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. உள்ளே முண்டு மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் தேங்காய் வறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மல்லிய தேங்காயோட சேத்தா வறுக்கிய, தனியாவா?"

அவர் திரும்பிப் பார்க்காமல், "நீங்க எந்தக் கடை?" என்றார்.

"கடை இல்ல. பள்ளிக்கூடம்."

"அப்போ சொல்லலாம். கடைக்காரங்களுக்குச் சொல்லமாட்டேன்." அடுப்பைக் குறைத்துவிட்டு அரைமணி நேரம் சொன்னார். மல்லி தனி. தேங்காய் வெடிக்கிற சத்தம் நின்ற பிறகுதான் இறக்க வேண்டும், நிறத்தைப் பார்த்து அல்ல, சத்தத்தைக் கேட்டு. பதிலுக்கு அக்கா, இருநூறு பேருக்குப் பயறு அடிபிடிக்காமல் வேகவைக்கிற வழியைச் சொன்னாள். அன்று எங்களிடம் சாப்பாட்டுக்குக் காசு வாங்கினார், ஆனால் அப்பளம் ஆளுக்கு மூன்று வந்தது.

நாலாவது தடவை அக்கா, அந்த ஊருக்கே பெயர் கொடுத்த நாகர் கோவிலுக்குள் போய்க் கும்பிட்டாள். நான் வேதக்காரி, வெளியே செருப்புக்குக் காவல். அக்கா பிரசாதமாகக் கிடைத்த மண்ணை மடித்துக்கொண்டு வந்தாள். "உனக்கும் கொஞ்சம் வாங்கியிருக்கேன். மண்ணில எந்த சபை?" என்றாள். பிறகு நொங்கு சர்பத். பிறகு துணிக்கடைத் தெருவில் ஒரு படுக்கை விரிப்புக்காக எட்டுக் கடை ஏறி இறங்கினோம். முந்திரிக்கொத்து அரைக் கிலோ வாங்கி பஸ்ஸிலேயே பாதி தீர்ந்தது. பாறசாலை வந்து இறங்கிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. அன்று கல்லூரிப் பக்கமே போகவில்லை.

வீட்டில் அவர் கேட்டார்: "என்ன, கல்லூரி எப்பிடி?"

"பாத்துட்டுத்தான் இருக்கேன்," என்றேன்.

"விரிப்புக்க கலர் நல்லா இருக்கு," என்றார் அவர்.

ஐந்தாவது தடவை தக்கலை தாண்டி பஸ் நின்றுபோனது. பழைய ராணியாக இருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். அன்று எல்லோருமாக இறங்கி, ரோட்டோரம் பழபஜ்ஜி போடுகிற கடையைச் சுற்றி நின்றோம். நானும் தின்றேன். சூடு நாக்கைச் சுட்டது. அடுத்த பஸ் வந்தபோது, இன்னொரு ஈடு பஜ்ஜி இறங்கட்டும் என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். ஆனாலும் ஷைனியின் அப்பாவிடம் சரி என்ற சொல் மட்டும் என் வாயில் வரவில்லை. மூன்று பேராகப் போவது வேறு. அவள் தனியாகப் போவது வேறு. பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. ஷைனி ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

ஏழாவது தடவை மழை. கடைசி நாளுக்கு இன்னும் மூன்று நாள். திரும்பி வர பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ஊற்றித் தள்ளியது. பர்ஸ், இரண்டு போன் எல்லாவற்றையும் நனையாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி சரோஜினி அக்காவின் கூடைக்குள் வைத்தது நான்தான். நான் குடையையும் முந்திரிக்கொத்துப் பொட்டலத்தையும் பிடித்திருந்தேன். ஒரு பஸ் வந்தது. கூட்டம் தள்ளியது. ஏழு தடவை பழகிய காலல்லவா, தானாகப் படியில் ஏறிவிட்டது. உள்ளே போய்த் திரும்பினால் பின்னால் ஷைனி இல்லை, அக்கா இல்லை. பஸ் கிளம்பிவிட்டது.

"டிக்கெட்," என்றார் கண்டக்டர்.

"பெண்களுக்கு..." என்று தொடங்கினேன்.

"இது அந்த பஸ் இல்லம்மா. மார்த்தாண்டம் இருபத்தெட்டு ரூவா."

கையில் ஒரு பைசா இல்லை. கோடை முழுக்க, ஓசியில் போகிறோமே, பிடித்துவிடுவார்களோ என்று பயந்த நான், கடைசியில் காசு கொடுக்க வேண்டிய பஸ்ஸில் காசில்லாமல் நின்றேன். என் கதையைக் கேட்டுக் கண்டக்டர் தன் போனை எடுத்து, நான் சொன்ன ஷைனியின் நம்பருக்கு இரண்டு தடவை கூப்பிட்டார். கூடைக்குள், மழைக்குள், யாருக்குக் கேட்கும்?

பக்கத்து சீட்டில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், காலியான பூக்கூடையைக் காலுக்கிடையில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டி, "எனக்குத் தக்கலை. இந்த அக்காவுக்கும் எடுங்க," என்றாள்.

"வேண்டாம் பிள்ள, நான் எப்பிடித் திருப்பித் தருவேன்?"

"நான் தெனமும் இதே அஞ்சு மணி பஸ்தான். அந்த ரோஸ் பஸ்ஸில கூட்டத்துக்கெடையில நிக்க மூட்டு சம்மதிக்காது. பாக்கும்போ தந்தாப் போரும். மொதல்ல இரிங்க, வெப்ராளப்படாதீங்க."

உட்கார்ந்தேன். எனக்கு வேறொரு பஸ் நினைவு வந்தது. எட்டாம் வகுப்பில் பாறசாலைப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தூங்கிவிட்டேன். அப்போது எங்கள் வீடு இருந்த அமரவிளையில் இறங்க வேண்டியவள், அதைத் தாண்டிப் பாலராமபுரம் போய்விட்டேன். யாரோ திரும்பி வருகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். வீடு சேர விளக்கு வைத்தாகிவிட்டது. அப்பா அடிக்கவில்லை. "போதும், இனி போகண்டாம்," என்றார். அவ்வளவுதான் என் படிப்பு. அந்த நாளில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பூக்கூடைக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் முதல் முறையாகத் தோன்றியது. ஒன்றும் ஆகவில்லை. ஒரு பஸ் போனது, இன்னொரு பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

பொட்டலத்தைப் பிரித்து அவளுக்கு இரண்டு முந்திரிக்கொத்துக் கொடுத்தேன். ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைப் பிள்ளைக்கு என்று முடிந்துகொண்டு தக்கலையில் இறங்கிவிட்டாள். பெயர் கேட்க மறந்துபோனேன்.

மார்த்தாண்டத்தில் நாங்கள் எப்போதும் சாயா குடிக்கும் கடை முன்னால் போய் நின்றேன். "இண்ணைக்கு ஒத்தைக்கா?" என்றார் கடைக்காரர். அழுதுவிடுவேனோ என்று பார்த்துவிட்டு ஒரு சாயாவை நீட்டினார். நாற்பது நிமிஷம் கழித்து ரோஸ் பஸ் வந்தது. முதலில் சரோஜினி அக்காவின் கூடை இறங்கியது, பிறகு அக்கா, பிறகு ஷைனி. ஓடி வரவில்லை. நடந்து வந்தாள்.

"மக்களே, நீ பயந்து போனியா?"

"எதுக்கு? அம்மா கேறின பஸ்ஸுக்க பின்னால உள்ள போர்ட நான் வாசிச்சேன். மார்த்தாண்டம்ணு இருந்து. அம்மா எங்க போவா? இந்தச் சாயாக்கடையிலதான் நிப்பாண்ணு அக்காட்ட சொன்னேன்."

"வாசிச்சா," என்றாள் அக்கா. "எழுத்து எழுத்தாக் கூட்டி வாசிச்சா. அவ வாசிச்சு முடிக்க முன்ன பஸ்ஸு வளவு திரும்பியாச்சு. எனக்குத்தான் நெஞ்சு படபடண்ணு அடிச்சிது. அவ என்ன பிடிச்சு ஸ்டாண்டில இருத்தி, அடுத்த பஸ் எப்போண்ணு கேட்டுட்டு வந்தா."

நான் கடைக்காரருக்குச் சாயாக் காசைக் கொடுத்தேன். மூன்று பேரும் இன்னொரு சாயா குடித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை எல்லாம் அக்காவே ஷைனியின் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அதில் நான் கொஞ்சம் கூடுதலாகவே அழுதிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். முடிந்தது, இனி இவள் அனுப்பமாட்டாள் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. ஷைனி ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"எட்டீ," என்றேன். "அந்தப் பூக்காரிக்கு இருபத்தெட்டு ரூவா குடுக்கணும். சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸில இருப்பா. எனக்குப் பள்ளிக்கூடம் தெறந்தா அங்க வர முடியாது. நீ தெனமும் போறவளாச்சே, பாத்துக் குடுத்திரு."

துணி கொடியில் பாதி தொங்கியது. அவர்தான் முதலில் வாய் திறந்தார். "அப்போ நாளைக்குப் பணம் கட்டணும்."

"நாளைக்கே கட்டுங்க," என்றேன். "நாளான்னைக்கு எனக்கு மனசு மாறினாலும் மாறும்."

கல்லூரி தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. நான் பள்ளிக்கூட அடுக்களையில் தேங்காய் வெடிக்கிற சத்தம் நிற்கும்வரை காதைக் கொடுத்துக் காத்திருக்கிறேன். பிள்ளைகள் தீயலை இரண்டாம் முறை கேட்கிறார்கள். ரோட்டில் நிற்பதில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நாலு மணிக்கு அல்ல. ஐந்தரைக்குத்தான் நிற்கிறேன். ஷைனி தன் பையில் தனியாக ஒரு கவரில் அந்தப் பணத்தை வைத்திருக்கிறாள். பூக்காரியின் பஸ் காசு கொடுக்கிற பஸ், இவள் வருவது ரோஸ் பஸ்ஸில். ஆகவே ஸ்டாண்டில் அந்த பஸ் நிற்கும்போது ஒவ்வொரு ஜன்னலாகப் பூக்கூடையைத் தேடிவிட்டு வருகிறாள். இரண்டு தடவை கூடையைக் கண்டிருக்கிறாள். இரண்டும் வேறு ஆட்களுடையது.

இருபத்தெட்டு ரூபாய் இன்னும் பாக்கி.